கரம்பைக்குள் கிடந்த ஓடு: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வைகையைப் பற்றியவை. படித்துக்கொண்டே இருந்ததில் இரண்டு நாள் சமையல் பிந்திப்போனது. புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தவள். பிறந்தது சிலைமானுக்குக் கிழக்கே, ஆற்றின் தென்கரையில். அப்பா எங்கள் ஊர்க் கம்மாயின் நீர்ப்பாய்ச்சி. எந்த மடையை எந்த நாழிகையில் திறக்கணும் என்பது அவருக்கு மனப்பாடம். மண்ணைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

கேள்வி: எங்கள் தோப்பில் தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்டும்போது மூன்றடியில் ஒரு பெரிய பானையின் வாய் தட்டுப்பட்டது. பயந்து மூடிவிட்டோம். வெளியே சொன்னால் நிலம் போய்விடும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். என்ன செய்வது? – விவசாயி, திருப்புவனம் வட்டம்

அண்ணே, மூடினீர்களே, அதற்கே உங்களுக்குக் கோடி புண்ணியம். நம் பக்கத்தில் மதமதக்கத் தாழி என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இறந்தவரையோ, இறந்தவரின் எலும்புகளையோ உள்ளே வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழி. கீழடிக்குப் பக்கத்திலேயே கொந்தகையில் இப்படித் தாழி தாழியாக ஒரு இடுகாடே கிடைத்திருக்கிறது. அங்கே எடுத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து, அந்த ஆண்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் 2025இல் முகம் வரைந்து காட்டினார்கள். தாழிக்குள் எலும்பு இருந்த இடத்திலேயே இருந்ததால்தான் அது முடிந்தது.

இப்போதைக்கு அந்தக் குழியில் தண்ணீர் பாய்ச்சாதீர்கள். நனைந்து காய்ந்தால் தாழி வெடித்துவிடும். நான்கு மூலையிலும் குச்சி நட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆழம், எந்த மரத்திலிருந்து எத்தனை அடி என்று ஒரு தாளில் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து, ஒரு நகலில் அவர் கையெழுத்தை வாங்குங்கள். தாசில்தார் வழியாக அது தொல்லியல் துறைக்குப் போகும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால்தான் குற்றம்.

நிலம் போய்விடுமா என்பதுதானே உங்கள் பயம்? கீழடியில் பள்ளிச்சந்தைத் திடலில் குழி போட்ட இடமே தனியார் தென்னந்தோப்புதான். சொந்தக்காரர்களிடம் சம்மதம் கேட்டார்கள். அளந்தார்கள், படம் எடுத்தார்கள், பல குழிகளை மறுபடி மண் போட்டு மூடினார்கள். ஓர் இடத்தையே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அரசு அறிவித்தால் கட்டடம் கட்டுவதற்குக் கட்டுப்பாடு வரும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது தனி நடைமுறை. ஒரு தாழி கிடைத்த மறுநாளே வந்துவிடாது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தாழியைத் தூக்கி வெளியே வைத்துவிடாதீர்கள். அதற்குள் கெட்டிப்பட்டிருக்கும் மண்ணில்தான் தானியத்தின் உமியும் பல்லின் துணுக்கும் இருக்கும். மண்ணைக் கொட்டிவிட்டால் மிஞ்சுவது வெறும் தொட்டி.

கேள்வி: அருங்காட்சியகத்தில் பார்த்த சட்டி உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பெயின்ட் அடித்தார்களா? – 7ஆம் வகுப்பு மாணவி, உசிலம்பட்டி

பெயின்ட் இல்லை கண்ணு, எல்லாம் நெருப்பின் வேலை. நம் களிமண்ணில் இரும்புச் சத்து இருக்கிறது. சூளையில் காற்று நன்றாகப் பட்டால் அது சிவக்கும். காற்றுப் படாமல் புகையில் வெந்தால் கரி ஏறிக் கறுக்கும். சட்டியைக் கவிழ்த்து வைத்து, உள்பக்கம் உமி, வைக்கோல் மாதிரி எதையாவது அடைத்துச் சுட்டால் உள்ளேயும் வாய் விளிம்பிலும் காற்று போகாது. வெளிப்பக்கம் மட்டும் சிவக்கும். ஒரே சூளையில், ஒரே சட்டியில் இரண்டு நிறம்!

அடுத்த முறை உடைந்த ஓட்டின் ஓரத்தைப் பார். நடுவில் ஒரு சாம்பல் கோடு ஓடும். கறுப்பும் சிவப்பும் சந்திக்கிற இடம் அது. வெயிலில் திருப்பினால் பொடிப்பொடியாக மின்னுவது காக்காப்பொன், அதாவது மைக்கா. மேலே மலைப்பாறை உடைந்து, ஆற்றோடு வந்து, களிமண்ணில் கலந்தது. மானாமதுரைக்குப் போனால் வேளார் வீடுகளில் இன்றும் சக்கரம் சுற்றுகிறது, கடம் செய்கிறார்கள். மண்ணை எப்படிச் சலிக்கிறார்கள் என்று அவர்களிடமே கேள். நான் சொல்வதைவிட நன்றாகப் புரியும்.

கேள்வி: கீழடி மேடு இன்றைய ஆற்றிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே. ஆறு நகர்ந்ததா, ஊர் விலகியிருந்ததா? – கல்லூரி மாணவர், அண்ணாநகர், மதுரை

தம்பி, இந்தக் கேள்விக்காக உங்களைத் தேடி வந்து கைகொடுக்கலாம். பானையைப் பார்க்கிறவர்கள் ஆற்றைப் பார்ப்பதில்லை, ஆற்றைப் பார்க்கிறவர்கள் பானையைப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வைகை 258 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. வருசநாட்டு மலையில் வேகமாக இறங்குகிறது. மதுரையைத் தாண்டியதும் தரை தட்டையாகிவிடுகிறது. சுமந்து வந்த வண்டலை அங்கேதான் இறக்கும். இறக்கிய வண்டலே வழியை அடைத்தால் பக்கத்தில் புதுவழி எடுக்கும். அப்படிக் கைவிட்ட பழைய தடங்கள் செயற்கைக்கோள் படங்களில் வளைந்த பட்டைகளாகத் தெரிகின்றன.

படம் வேண்டாம், எங்கள் வீட்டுக் கிணறே சாட்சி. நான் ஐந்தாவது படிக்கும்போது அதை வெட்டினார்கள். ஆறு எங்கள் வீட்டிலிருந்து ஒரு மைல். மேலே ஆறேழு அடி கரம்பை, அதாவது வண்டல் படிந்த களிமண். அதற்குக் கீழே திடீரென்று வெளுத்த ஆற்றுமணல், கூழாங்கல்லோடு. அப்பா ஒரு கைப்பிடி அள்ளி என் உள்ளங்கையில் கொட்டி, "பாத்தியா, இங்கிட்டும் ஒருகாலத்துல ஆறு நடந்திருக்கு" என்றார். பிறகு எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் நதியின் வயது, வண்டல் சமவெளி என்றெல்லாம் பாடம் நடத்தினேன். அந்த ஒரு கைப்பிடி மணலுக்கு மேல் நான் எதுவும் சொல்லிவிடவில்லை.

கீழடியைப் பொறுத்தவரை, ஆற்று மணலின் வயதையே அளந்து பார்த்திருக்கிறார்கள். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தாரும் நம் மாநிலத் தொல்லியல் துறையாரும் சேர்ந்து செய்த வேலை அது. மண்ணுக்குள் புதைந்த மணல்துகள், சுற்றியுள்ள இயற்கைக் கதிரியக்கத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலைச் சேர்த்துவைக்கும். வெயில் பட்டால் அத்தனையும் அழிந்து கணக்கு மறுபடி பூஜ்யம். அதனால் குழியின் சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் இரண்டு முனையையும் அடைத்து எடுத்துப்போவார்கள். இருட்டறையில் அந்தத் துகள் விடும் ஒளியை அளந்தால், அது கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று கணக்கிடலாம். கீழடிக் கட்டுமானங்களை மூடிக்கிடந்த வெள்ள வண்டல், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்து படிந்தது என்று அந்த ஆய்வு காட்டியது.

இதை வைத்து "வெள்ளத்தில் கீழடி அழிந்தது" என்று உடனே எழுதிவிடாதீர்கள். மேலே மூடிய மண்ணின் வயதுதான் இது. ஜனங்கள் அதற்கு முன்பே கிளம்பிப் போயிருக்கலாம், ஆளில்லாத செங்கல் சுவரின்மேல் வெள்ளம் ஏறியிருக்கலாம். இரண்டும் வேறு வேறு கதை.

மணல் அள்ளுவதை நான் ஏன் இந்தப் பத்தியில் விடாமல் எழுதுகிறேன் என்று சிலர் கேட்கிறார்கள். இதற்காகத்தான். லாரியில் ஏறி வீட்டுச் சுவராகிப்போன மணலுக்கு வயது பார்க்க முடியாது. நான் சிறுமியாக ஊற்றுத் தோண்டிக் குடித்த இடத்தில் இன்று களிமண் தட்டு வெளியே தெரிகிறது. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போது நான் பார்வையைத் திருப்பிக்கொள்கிறேன்.

கேள்வி: கீழடி, கீழடி என்றே எழுதுகிறீர்கள். வைகை பிறக்கும் எங்கள் தேனிப் பக்கம் ஒன்றுமே இல்லையா? – ஆசிரியர், ஆண்டிபட்டி

உங்கள் கோபம் நியாயம். உங்கள் வட்டத்திலேயே புலிமான்கோம்பை இருக்கிறது. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. ராஜனும் மாணவர்களும் அங்கே தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அதில் ஒன்றில் உள்ளது: "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்". கூடலூர் ஆநிரைப் பூசலில் மாண்ட தீயன் அந்தவனுக்கு வைத்த கல். இந்தியாவின் மிகப் பழைய நடுகற்களில் இது ஒன்று. மாட்டுக்காகச் செத்த ஒரு ஆளின் பெயர், ராஜா பெயர் எதுவும் கூட இல்லாமல், தனியாகக் கல்லில் நிற்கிறது. வைகைக் கரை முழுவதிலும் என் மனதை இவ்வளவு தொட்ட எழுத்து வேறு இல்லை.

2013–14இல் மத்தியத் தொல்லியல் துறையினர் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் உற்பத்தி இடம் முதல் முகத்துவாரம் வரை கரையோரமாகவே தேடி 293 இடங்களைக் கண்டார்கள். அதில் ஒன்றுதான் கீழடி. மீதி இடங்களில் பெரும்பாலானவற்றில் மண்வெட்டியே படவில்லை. உங்கள் மாணவர்களுக்கு அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். 2021இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 1,016 சதுர கிலோமீட்டர். சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் உள்ள அந்தக் காடு குடித்து மிச்சம் விடுகிற மழைதான் நமக்கு வைகை.

கேள்வி: வைகை கடலில் கலக்காத ஆறு என்பது உண்மையா? – இல்லத்தரசி, பரமக்குடி

முக்கால்வாசி உண்மை. ராமநாதபுரம் பெரிய கண்மாய் ஆற்றை வாங்கிக்கொள்கிறது. அது நிறைந்து மிஞ்சினால் ஆற்றங்கரை ஊரருகே பாக் நீரிணையில் சேரும். அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் அழகன்குளம். ரோமானியக் காசும், கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்த ஊர். உங்களுக்கு ஒரு நாள் பயணம், அவசியம் போய் வாருங்கள்.

கேள்வி: "2,600 ஆண்டு" என்று எப்படித் துல்லியமாகச் சொல்கிறார்கள்? கீழடியில் கிடைத்த எல்லாமே அவ்வளவு பழசா? – அச்சகத் தொழிலாளி, செல்லூர்

எல்லாமே அல்ல. நான்காம் கட்ட அகழாய்வில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டை அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 580 என்று வந்தது. 2019இல் மாநிலத் தொல்லியல் துறை அதை அறிக்கையாக வெளியிட்டது. அந்த ஆழத்தில், அந்த மண்ணடுக்கில் கிடைத்தவற்றுக்கு அந்தக் காலம். அதற்கு மேலே உள்ள அடுக்குகள் அதற்குப் பிந்தியவை.

உயிருள்ள மரம் காற்றிலிருந்து ஒருவகைக் கதிரியக்கக் கரியையும் சேர்த்து வாங்கும். வெட்டினால் வாங்குவது நிற்கும். உள்ளே இருப்பது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். மிச்சத்தை அளந்து வயதைக் கணக்கிடுகிறார்கள். ஆக, வயது கரிக்குத்தான். பானைக்கு வயது வருவது, அந்தக் கரியோடு ஒரே அடுக்கில் படுத்திருந்த உறவால். அந்த உறவைக் கலைத்துவிட்டால் எந்த ஆய்வகத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் அச்சுக் கோத்தவராக இருந்தால் உடனே புரியும்: எழுத்துகள் அப்படியே இருக்கும், வரிசை போய்விட்டால் சேதி போய்விடும்.

கேள்வி: எலும்புகளைப் பற்றி யாருமே பேசுவதில்லையே? – கால்நடை மருத்துவர், மேலூர்

நீங்கள்தான் பேச வேண்டும் டாக்டர், நான் எடுத்துக் கொடுக்கிறேன். கீழடி எலும்புகளில் எழுபது மாதிரிகளைப் புனே டெக்கான் கல்லூரி பார்த்தது. பாதிக்குச் சற்று மேல், 53 சதவீதம், மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு. உழவும் மேய்ச்சலும் உள்ள ஊர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மற்றவற்றில் வெளிமான், நீல்காய், காட்டுப்பன்றி, மயில். மான், ஆடு, பன்றி எலும்புகள் சிலவற்றில் வெட்டுத் தழும்பும் இருக்கிறது. சாப்பிட்டிருக்கிறார்கள்.

நான் அந்தப் பட்டியலில் வெளிமானிடம் நின்றுவிட்டேன். அது அடர்காட்டு மிருகம் அல்ல. கண்ணுக்கு எட்டும்வரை திறந்து கிடக்கிற புல்வெளி வேண்டும் அதற்கு. அப்படியானால் சிலைமானும் திருப்புவனமும் அன்று எப்படி இருந்திருக்கும்? ஆற்றோரம் மருதமும் நாணலும், கொஞ்சம் விலகினால் துள்ளி ஓடும் மான்கூட்டத்தோடு புல்தரை. இன்று நமக்கு அருகில் வெளிமான் பார்க்க வல்லநாட்டுக்குப் போக வேண்டும். நீல்காய்க்கு வடநாட்டுக்கே போக வேண்டும்.

அந்தப் பழைய நிலத்தின் மிச்சம் பார்க்க ஆசைப்பட்டால் உங்கள் மேலூருக்குப் பக்கத்திலேயே அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 193 ஹெக்டேரை அறிவித்தார்கள். ஏழு குன்று, இருநூற்றைம்பது வகைப் பறவை, பாறை இடுக்கில் லகர் வல்லூறு. அதே பாறையில் தமிழிக் கல்வெட்டு. வெயிலுக்கு முன் போய்விடுங்கள், பாறை காலைச் சுட்டுவிடும்.

கேள்வி: பதினைந்து வருடமாக ஆற்றிலும் கம்மாய்களிலும் பொறுக்கிய பாசிமணி, ஓடு, சுடுமண் வட்டு என மூன்று பெட்டி வைத்திருக்கிறேன். எழுத்துள்ள ஓடும் இருக்கிறது. இவற்றை என்ன செய்யலாம்? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் என் கதை ஒன்றைக் கேளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும். சித்திரை வெயிலில் கம்மாய்கள் வற்றி, மாட்டுவண்டியில் கரம்பை அள்ளி வயலுக்கு அடிக்கிற நாட்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஓட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். "டீச்சர், கரம்பைல கெடந்துச்சு." உள்ளங்கை அகலம். உள்ளே மை மாதிரி கறுப்பு, வெளியே செங்கல் சிவப்பு, தோள் பக்கம் லேசான வளைவு. ஏதோ கீறல் தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளிக்கூடத் தொட்டியில் நனைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். எழுத்து தெளிவாக வந்தது. முன்பகுதி உடைந்து, மிச்சமிருந்தது இரண்டு எழுத்து. தமிழி எழுத்து அட்டவணையை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்: "தன்".

முழுப் பெயர் ஆதனா, சாத்தனா? எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆனால் அந்தப் பையனிடம் கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. மேசையில் தாள் பறக்காமல் வைக்க அந்த ஓட்டை வைத்துக்கொண்டேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு விவரம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "எந்தக் கம்மாய்? எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். பையனைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவன் அப்பா அந்த வருஷம் மூன்று கம்மாயிலிருந்து கரம்பை அடித்திருக்கிறார். எந்த வண்டி மண்ணில் வந்தது என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. நான் தேய்த்துக் கழுவியதில் உள்பக்கம் ஒட்டியிருந்த பழைய கசடும் போய்விட்டது. அந்தப் பானையில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளும் வழியும் அதோடு போனது.

கீழடியில் தமிழி எழுத்துள்ள 56 ஓடுகள் கிடைத்ததாக அந்த 2019 அறிக்கை சொன்னபோது, ஒவ்வொன்றுக்கும் குழி எண்ணும் ஆழமும் இருந்தன. குவிரன் என்றும் ஆதன் என்றும் தங்கள் பானையில் தாங்களே கீறிய ஆட்கள் எந்த மண்ணில் நின்றார்கள் என்று சொல்ல முடிகிறது. என் ஓட்டுக்காரனைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷமாக அது என்னை உறுத்துகிறது.

ஆகவே, ஐயா, எதையும் கழுவாதீர்கள். பெட்டிகளை ஒன்றாகக் கொட்டாதீர்கள். ஒவ்வொரு பொருளாக எடுத்து, எந்த ஊர், ஆறா கம்மாயா, மடைக்கு எந்தப் பக்கம், எந்த வருஷம், கூட யார் வந்தார்கள் என்று நினைவுக்கு வந்ததை ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி அதனோடு வையுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். ஊகம் என்றால் "ஊகம்" என்றே எழுதுங்கள். எழுத்துள்ள ஓட்டைப் பஞ்சில் சுற்றித் தனி டப்பாவில் வையுங்கள். அப்புறம் ஒரு பட்டியலோடு தொல்லியல் துறையிடம் நீங்களே கொண்டுபோய் ஒப்படையுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் இருக்கிறது. விற்கவோ வெளியூருக்கு அனுப்பவோ யார் ஆசை காட்டினாலும் கேட்காதீர்கள். இனிமேல் கண்ணில் பட்டால் எடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துச் சொல்லுங்கள்.

நான் ஓய்வுபெற்ற மாதமே என் ஓட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிவேட்டில் "கிடைத்த இடம்" என்ற கட்டம் வந்ததும், அலுவலர் பேனாவை என் பக்கம் நீட்டினார். "தெரியவில்லை" என்று என் கையாலேயே எழுதினேன். உங்கள் மூன்று பெட்டிக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது. இந்த வாரமே உட்காருங்கள்.